நாற்பத்தேழு காலிதான்

கேட்டாள், எழுதிக்கொண்டாள், சோதித்தும் பார்த்தாள். அதன் பிறகும் ஒருத்தி ஏமாந்துபோனால் தவறு யாருடையது?

எங்கள் மாடியில் குடியிருக்கும் அவள் படியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். எதையோ சொல்லிச் சமாளித்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் அந்தக் கேள்வியே புரியும்.

வேலை செய்யும் இடங்களில் அவளுக்கு 'விசாரணை' என்று பெயர். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் மெயில் அனுப்பவும் ஏற்பாடு செய்து கொடுப்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் பெரும்பாலோர் போனவுடன் பெட்டியைப் பிரிப்பார்கள், வயரைச் செருகுவார்கள், ஓடவில்லை என்றால் தலையைச் சொறிவார்கள். இவள் அப்படியில்லை. விவரமெல்லாம் கைக்கு வரும்வரை பெட்டியின் ஒட்டுப்பட்டையைக்கூடக் கிழிக்க மாட்டாள்.

என்ன விவரம்? ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும். வெளியுலகத்துக்குப் போகும் வாசல் எது, மெயில் எந்த சர்வர் வழியாகப் போகிறது, பிரிண்டர் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். இவற்றை ஒரே ஆளிடம் வைத்திருக்கும் அலுவலகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. கணக்குப் பிரிவில் பாதி, காவலாளியிடம் கொஞ்சம், வேலையை விட்டுப் போனவர் தலைக்குள் மீதி என்று சிதறிக் கிடக்கும். அவள் மேசை மேசையாகப் போய்த் துருவுவாள்.

"இந்த பிரிண்டருக்கு யாரு சார் முகவரி வெச்சது?"

"எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரு."

"அவரு இப்போ எங்கே இருக்காரு?"

"ரிட்டையர் ஆயிட்டாரும்மா."

"போன் நம்பர் இருக்கா?"

கணக்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "ஏம்மா, கொலை பண்ணினவனைக்கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க. நான் வெறும் பில்லு போடறவன்."

அந்த அலுவலகத்தில் ஒட்டிய பெயர்தான் 'விசாரணை'. அவள் அதற்காகக் கோபப்பட்டதில்லை. சில இடங்களில் அந்தப் பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டார்கள்.

கேட்டதை அவள் அப்படியே நம்பிவிடுவதும் கிடையாது. ஒரு எண் காலியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த எண்ணுக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பாள். தொழிலில் அதற்கு பிங் என்று பெயர். கம்ப்யூட்டரிலிருந்து அந்த எண்ணைத் தட்டினால், அங்கே யாராவது இருந்தால் உடனே பதில் வரும். பதில் வரவில்லை என்றால் வீடு காலி, குடியேறலாம். ஒரே எண்ணில் இரண்டு இயந்திரங்கள் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருவருக்கு வந்த கடிதம் இன்னொருவர் வீட்டில் விழும். இரண்டு பேரும் முட்டிக்கொண்டு கடைசியில் இருவருமே வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவள் வீட்டில் எப்படி இருந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அவளும் அம்மாவும் அக்கா வீட்டில் இருந்தார்கள். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. ஒரு அறை அக்காவுக்கும் அத்தானுக்கும், இன்னொன்று பிள்ளைகளுக்கு. அம்மாவின் கட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது. காலையில் யார் குளிக்கப் போனாலும் அம்மா எழுந்து உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். இவள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். பிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் திடுக்கிட்டு விழிப்பாள்.

"உன் புருஷன் குறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு போல," என்று அக்கா பிரிட்ஜைக் காட்டிச் சிரிப்பாள்.

"உன் புருஷன் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலைக்கா. பிளக்கைப் பிடுங்கினா சத்தம் போடாது."

அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

அத்தானும் அதே தொழில்தான். பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஒப்பந்தத்தின் பேரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலகலப்பான மனிதர். அவளைச் 'சின்னக்குட்டி' என்று கூப்பிடுவார். கேபிள் முனையில் பிளக்கைப் பொருத்தும் நல்ல கருவி ஒன்றை அவளுக்கு முதன்முதலில் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வேலையில் சிக்கினால் அவள் போன் செய்வது அவருக்குத்தான்.

அந்தக் கூடத்தில் மேலே ஒரு தளம் புதிதாகக் கட்டி முடித்தார்கள். இனி நிரந்தரமாக ஒருவரை வேலைக்கு எடுக்கப்போவதாக மேலாளர் அறிவித்தார். அத்தான்தான் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார்.

"சின்னக்குட்டி, நீ போய்ப் பாரு."

"நீங்க ஏன் அத்தான் கேக்கலை? அங்கேயே இருக்கீங்களே?"

"எனக்கு ஒப்பந்தம் ஓடிட்டிருக்கு, அது போதும். நிரந்தரம்னா காலையில கையெழுத்து, சாயங்காலம் கையெழுத்து. நமக்கு ஒத்துவராது. நீ சின்ன வயசு, உனக்குத்தான் சரி."

மேலாளர் அவளைப் பார்த்துப் பேசினார். பூசி மெழுகாத மனிதர். "மேல்தளத்துக் கவுண்டர்களை நீயே செட் பண்ணு. திறக்கிற அன்னிக்குத் தடங்கல் இல்லாம ஓடினா வேலை உனக்கு. ஓடலைன்னா என்கிட்ட வந்து காரணம் சொல்லாதே."

அன்று சாயங்காலம் அவளும் அம்மாவும் வாடகைக்கு ஒரு மாடி அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜன்னலோரத்தில் ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. அம்மா அந்த இடத்தில் கைகளை விரித்து நின்று பார்த்தாள். "இங்கே படுத்தா யாருக்கும் காலை மடக்க வேண்டாம்," என்றாள். வேலை கிடைத்தால் அந்த அறை, கிடைக்காவிட்டால் நடை. அவளுக்கு எல்லாம் அதில்தான் இருந்தது.

விசாரணை தன் வழக்கப்படி ஆரம்பித்தாள். வரவேற்பில் கேட்டாள், கணக்கில் கேட்டாள், மருந்து வைக்கும் அறையில்கூடக் கேட்டாள். பழைய இயந்திரங்களின் எண்களையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை அறையை மட்டும் பார்க்க முடியவில்லை. தலையுறையும் கையுறையும் போட்டவர்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்றார்கள்.

அத்தான் சொன்னார்: "அந்த ரூம் கணக்கு என்கிட்ட இருக்கு. நான் சொல்றேன், எழுதிக்கோ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். புதுக் கவுண்டர்களுக்கு வரிசையாக எண்கள் கொடுத்தார். முடிவுகளை மருத்துவர்களுக்கு மெயிலில் அனுப்பப்போகும் முக்கியமான கம்ப்யூட்டருக்கு எது என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தார்.

"நாற்பத்தேழு போட்டுக்கோ."

"அது நிச்சயமா காலியா, அத்தான்?"

"காலிதான். ஏன், என்னையும் விசாரிக்கப் போறியா?"

"விசாரிக்காம இருந்தா எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, தட்டித்தான் பாரேன். நாளைக்குச் சாயங்காலம் வேலையெல்லாம் முடிஞ்சதும் உட்கார்ந்து நிதானமாத் தட்டிப் பாரு."

திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் மேல்தளத்தில் உட்கார்ந்து எல்லா எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். நாற்பத்தேழிலிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினாள். அப்போதும் மௌனம். நிம்மதியாக அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் பதித்தாள். மெயில் சர்வரை இணைத்துச் சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினாள், போய்ச் சேர்ந்தது. பிரிண்டரும் சொன்ன பேச்சைக் கேட்டது.

மறுநாள் காலையில் அக்கா அவளுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள். தலையை வாரிவிட்டாள். "நல்லபடியா போயிட்டு வா," என்றாள். கண்ணாடியில் இருவர் முகமும் சேர்ந்து தெரிந்தது. அக்கா மட்டும் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுண்டர்கள் திறந்தன. முதலில் வந்தவர்களின் விவரங்கள் தண்ணீர் ஓடுவதுபோல ஓடின. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவர் முகத்தில் ஒரு தளர்வு வந்ததை அவள் பார்த்தாள். ஜன்னலோரக் கட்டில் ஒரு கணம் மனதில் வந்துபோனது.

பிறகு முக்கியமான அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. இதே முகவரியில் இன்னொரு இயந்திரம் இருக்கிறது என்றது. கீழிருந்து வர வேண்டிய பரிசோதனை முடிவுகள் வரவில்லை. மெயில் நின்றது. கவுண்டருக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ரத்தத்தை மட்டும் டாண்ணு எடுத்துக்கிட்டாங்க, திருப்பிச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று சத்தம் போட்டார்.

அவள் புதுக் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கினாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நாற்பத்தேழைத் தட்டினாள். உடனே பதில் வந்தது. முந்தின நாள் செத்தமாதிரி கிடந்த எண் இன்று கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தது. தட்டல் விடாமல் ஓடும்படி வைத்துவிட்டு வரவேற்புப் பெண்ணை இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"இந்த வரிசை ஓடிட்டே இருக்கும். நின்னா கத்து."

"என்னன்னு கத்தணும்க்கா?"

"எதையாவது கத்து!"

கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, உடனே திரும்பச் செருகினாள். நாலைந்து கழற்றியிருப்பாள்.

"நின்னுடுச்சு! அக்கா, நின்னுடுச்சு!"

அவள் கையில் இருந்த கேபிள் கீழே ரத்தப் பரிசோதனை அறைக்குப் போவது. அதைத் திரும்பச் செருகிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தட்டினாள். உள்ளே இருந்த பரிசோதகர் அம்மா தலையுறையோடு கதவைத் திறந்தார். பெரிய இயந்திரம் ஒன்று அவருக்குப் பின்னால் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது.

"இந்த மிஷின் நேத்து சாயங்காலம் ஓடிச்சாம்மா?"

"இல்லையே. இது எப்பவும் ஓடிட்டே இருக்கும், நாங்க அணைக்கறதே கிடையாது. நேத்துதான் அணைச்சோம். உங்க அத்தான் சொன்னாரே?"

"என்ன சொன்னாரு?"

"மச்சினி மேலே வேலை செய்யுது, அது முடிக்கிற வரைக்கும் இதை அணைச்சு வைங்க, காலையில போட்டுக்கலாம்னாரு. உங்க மேல எவ்வளவு அக்கறைன்னு நாங்க பேசிக்கிட்டோம்மா."

அவள் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறந்துபோய்ச் சொன்ன எண் என்றால் மன்னிக்கலாம், தப்பாகச் சொன்ன எண் என்றாலும் மன்னிக்கலாம். அவள் தட்டுவாள் என்று தெரிந்து, எப்போது தட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து, தட்டும் நேரத்தில் உள்ளே இருப்பவரின் வாயைக் கட்டி வைத்திருக்கிறார். அவளுடைய எச்சரிக்கையை எடுத்தே அவள் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார். எல்லோரையும் துருவுகிறவள் என்று பெயர் வாங்கியவளுக்கு, சிரித்துக்கொண்டே தட்டிப் பார்க்கச் சொன்னவரைத் துருவத் தோன்றவில்லை.

மேலே போய்ப் புது எண் ஒன்றைப் பதித்தாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கீழே எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் தட்டிப் பார்த்து எடுத்தாள். கவுண்டர் மறுபடி ஓடியது. ஆனால் கூட்டம் அதற்குள் கொதித்துப் போயிருந்தது.

மேலாளர் அறையில் அத்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"சின்னப் பொண்ணு சார், அவசரத்துல பண்ணிட்டா. நான் இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியிலேயே கேட்டது.

அவள் உள்ளே போனாள். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

அத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் சிரிக்கும் அதே சிரிப்பு. "தட்டிப் பார்த்தேன்னு நீயே சொல்ற. காலின்னு உனக்கே தெரிஞ்சுதானே போட்டே? அப்புறம் என் மேல ஏன் பழி போடறே?"

"அணைச்சு வைக்கச் சொன்னது யாரு அத்தான்?"

"யாரு அணைச்சா?"

மேலாளர் பரிசோதகர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா வந்து நின்றார், ஒருமுறை அத்தானைப் பார்த்தார், ஒருமுறை தரையைப் பார்த்தார். "ஞாபகமில்லை சார். நேத்து வேலை அதிகம்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பேசிய அதே வாய். விசாரணையின் முகத்தில் ஈயாடவில்லை.

"குடும்ப விவகாரத்தை வீட்டுல வெச்சுக்கங்க," என்றார் மேலாளர். "நான் முன்னாடியே சொன்னேன், காரணம் சொல்லாதேன்னு."

வேலை அத்தானுக்குப் போனது.

அவள் வீட்டுக்கு வந்தபோது அக்கா காய வைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரவில்லை. அம்மா நடையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியுமா?"

என்ன என்று அக்கா கேட்கவில்லை. அதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. ஒரு துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நிரந்தரமா ஒரு ஆளை எடுத்துட்டா ஒப்பந்தம் முடிஞ்சிடும்னு மேலாளர் அவருக்கு அப்புறமாத்தான் சொன்னாராம். நீ அதுக்குள்ள ஒத்துக்கிட்டே."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் விட்டுக் கொடுத்திருப்பேனே."

"விட்டுக் கொடுத்திருப்பியா?"

ஆமாம் என்று பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பாரு," என்றாள் அக்கா. "உனக்கு வயசு இருக்கு, நாலு இடத்துல கேப்பாங்க. அவருக்கு இந்த வயசுல யாரு கொடுப்பா? நான் ஒண்ணும் பண்ணலைடி. இப்படிச் செய்யப் போறேன்னு என்கிட்ட சொன்னாரு. வேண்டாம்னு நான் சொல்லலை. அவ்வளவுதான்."

"தெரிஞ்சுக்கிட்டே காலையில எனக்குத் தலை வாரிவிட்டே."

அக்காவின் கை துண்டின் மேல் நின்றுபோனது. "வாராம எப்படி அனுப்பறது?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். பொய்யழுகை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் விசாரணை. அத்தான் செய்ததை ஒரு பக்கம் தள்ளி வைக்கலாம், அவர் எங்கிருந்தோ வந்தவர். அக்கா அவளைத் தூக்கி வளர்த்தவள், ஒரே போர்வைக்குள் படுத்தவள். நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கும் கைக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததுண்டு. அந்த முகம் தன் முகத்தின் சாயலில் இருக்கும் என்று நினைத்ததில்லை.

அவள் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா சமாதானம் சொல்ல வருவாள் என்று எதிர்பார்த்தாள். மூத்தவளை விட்டுக்கொடுத்து அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தச் சண்டையிலும் "அவ குடும்பக்காரி, நீதான் அனுசரிக்கணும்" என்றுதான் சொல்வாள்.

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். தன் தலையணையை எடுத்து உறையைத் தட்டிச் சரிசெய்தாள். மாத்திரை டப்பாவையும் கண்ணாடியையும் ஒரு பையில் போட்டாள்.

"எங்கேம்மா?" என்றாள் அக்கா.

"அந்த ரூமுக்கு."

"வேலையில்லாம வாடகைக்கு என்ன செய்வா அவ?"

"அது எங்க பாடு." அம்மா தலையணையை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ வேண்டாம்னு சொல்லலைன்னியே, அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருக்கணும். எழுந்திருடி சின்னவளே. இருட்டறதுக்குள்ள போவோம்."

இப்படித்தான் அவர்கள் எங்கள் மாடிக்கு வந்தார்கள். முதல் சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். இப்போது அவள் தனியாக வேலை எடுத்துச் செய்கிறாள். அச்சகம், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன இடங்கள். பழைய கேள்விகளோடு ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "இங்கே எதையாவது அணைச்சு வெச்சிருக்கீங்களா? இருந்தா இப்போ போடுங்க, நான் பார்க்கணும்." எல்லா இயந்திரங்களும் ஓடும் நேரத்தில்தான் எண்களைத் தட்டுகிறாள். பூட்டிய அறை என்றால் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். சிலர் எரிச்சல்படுகிறார்கள். சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வேலை போகிறதே என்று நான் ஒருமுறை கேட்டேன். "போகட்டும்," என்றாள்.

அக்கா அவ்வப்போது போன் செய்கிறாள். இவள் எடுக்கிறாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அம்மா?" "தூங்கறாங்க." அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. யார் முதலில் போனை வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருவரும் காதில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அத்தான் அந்த வேலையில்தான் இருக்கிறார். நன்றாகவே பார்க்கிறாராம்.

கம்ப்யூட்டரும் கேபிளுமாக வேலைக்குப் போகும் தம்பி, தங்கை, தோழி யாராவது உங்களுக்கு இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்து வாயால் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்பதால் மட்டும் ஒரு எண் காலியாகிவிடாது என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அக்காவோ அண்ணனோ இருந்தால், 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடும்படி அவர்களிடமும் சொல்லுங்கள்.